பதினொரு கேள்விகளும் பேசி முடிக்காத ஒரு போனும்

மனநல மருத்துவராக இருக்கும் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட பேரேட்டுத் தாளில் ஆறு பக்கம். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. எழுதியவருக்கு வயது 44. விருதுநகர் மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் 17 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் மகள், இன்னும் ஒன்பது வருடத் தவணை பாக்கியுள்ள வீடு. அடையாளம் தெரியக்கூடிய மற்ற விவரங்களை விட்டுவிட்டேன்.

மார்ச் கடைசியில் இவருடைய அண்ணன் மாரடைப்பில் இறந்துபோனார். அவருக்கு 49 வயது. அன்றிலிருந்து இவருக்கு இரவு மூன்று மணிக்கு விழிப்பு தட்டிவிடுகிறது. மொட்டைமாடிக்குப் போய் செல்போனில் சொற்பொழிவு கேட்கிறார். வேதாந்தி பேசுகிறார், நாத்திகர் பேசுகிறார், குவாண்டம் இயற்பியலில் கடவுளைக் கண்டவர் பேசுகிறார். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுக்க, விடிந்துவிடுகிறது. கடிதத்தின் நடுவே 1 முதல் 11 வரை எண் போட்டுக் கேள்விகளை அடுக்கியிருக்கிறார். ஏன் பிறந்தோம்? செத்தபின் என்ன? கடவுள் இருந்தால் நல்லவர்கள் ஏன் முந்திப் போகிறார்கள்? நடப்பதெல்லாம் நம் கையிலா, தலையெழுத்தா? பதினோராவது கேள்வி இது: “இதுக்கெல்லாம் பதில் தெரியாமல் நூல் கணக்கு எழுதிக்கொண்டிருப்பதில் என்ன அர்த்தம்?”

மனைவி ‘பித்துப் பிடிச்சிருச்சு’ என்கிறார். மாமியார் குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொல்கிறார். இவரோ வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு, வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு, கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போய் அப்படியே தங்கிவிட நினைக்கிறார். என்னிடம் கேட்பது இரண்டுதான். இது ஞானமா, நோயா? நான் போகலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பதினொன்றில் ஒன்றுக்குக்கூட என்னிடம் முடிந்த முடிவான பதில் இல்லை. மனநல மருத்துவப் படிப்பில் அதற்கென்று தனிப் பாடமும் கிடையாது. ஆனால் இதே கேள்விகளோடு வந்து என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பலர். லாரி ஓட்டுநர், பேராசிரியை, மளிகைக்கடைக்காரர், பதினாறு வயதுப் பையன். அவர்களிடம் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஞானமா, நோயா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். ஒரே மனிதருக்கு ஒரே சமயத்தில் உண்மையான கேள்வியும் இருக்கலாம், வைத்தியம் வேண்டிய மனச்சோர்வும் இருக்கலாம். ரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய்க்கு ஐம்பதை நெருங்கும் வயதில் இப்படித்தான் ஆயிற்று. பெரும் நிலம், குடும்பம், ஐரோப்பா முழுக்கப் பேர். அப்போது, ‘சரி, அப்புறம் என்ன?’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கே தூக்குப் போட்டுக்கொள்வோமோ என்று பயந்து வீட்டிலிருந்த கயிற்றைத் தன் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தார். துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவதையும் நிறுத்தினார். அவரே பின்னால் எழுதிவைத்த விஷயம் இது. அவருடைய கேள்வி போலி என்று யாராலும் சொல்ல முடியாது. கயிற்றை ஒளித்ததும் மிகச் சரியான காரியம். நீங்களும் இந்த இரண்டாவது வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கயிற்றை ஒளித்துவைக்கும் வேலை

ஐந்தாம் பக்க அடியில், “சாகணும்னு இல்லை டாக்டர், ஆனா காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணுது” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் கர்மவினைக்குத் தாவிவிட்டீர்கள். நான் தாவப்போவதில்லை. இந்த எண்ணம் ‘எப்படி’, ‘எப்போது’ என்று மாறினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மனைவியை எழுப்பிச் சொல்லுங்கள். அரசின் 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணமில்லை. 104-ம் உண்டு. மாறாவிட்டாலும், அந்த ஒரு வரியை இந்த வாரமே உங்கள் மனைவி படிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்தது உங்கள் வேதாந்தம் மட்டும்தான். உங்கள் வலியை அவர் இன்னும் பார்க்கவில்லை. அதனால்தான் ‘பித்து’ என்கிறார்.

மெடிக்கலில் சொல்லி வாங்கி, மூன்று மாதமாகத் தூக்க மாத்திரை பாதி போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சீட்டு இல்லாமல் அதை விற்பதே சட்டப்படி தவறு. அதற்காக இதைப் படித்ததும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தினமும் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் தூக்கமின்மையும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். அதுவரை அட்டை மனைவியிடம் இருக்கட்டும்.

மூன்று மணி விழிப்பு, ஆறு கிலோ எடைக் குறைவு, பிடித்த பாட்டுக்கூடக் காதில் ஏறவில்லை, சம்பளப் பட்டியலில் இரண்டு தடவை தப்பு. இவை தொடர்ந்து இரண்டு வாரம் இருந்தாலே மனச்சோர்வு நோயா என்று நாங்கள் பார்ப்போம். உங்களுக்கு எட்டு மாதம் ஓடிவிட்டது. கடிதத்தை வைத்து நோய்ப் பெயர் சூட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. நேரில் பார்ப்பவர்தான் அதைச் சொல்ல வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. தைராய்டு, பி12, சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை கோளாறானாலும் உலகம் வெறுத்துப்போகும்.

இன்னொரு பரிசோதனையும் உண்டு. கூடப்பிறந்தவர் 55 வயதுக்குள் மாரடைப்பில் போயிருந்தால் அது உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. செத்தபின் என்ன ஆகும் என்று எட்டு மாதம் யோசித்த நீங்கள், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டதாக ஒரு வரி எழுதவில்லை. ஈசிஜியும் கொழுப்பு அளவும் முதலில் பாருங்கள். ராத்திரி நெஞ்சு படபடக்கிறது என்கிறீர்களே, அதையும் ஞானத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

கோடாங்கியிடம் போவதைப் பற்றி மாமியாரோடு சண்டை வேண்டாம். திருநீறு பூசிக்கொள்வதால் ஒரு கெடுதலும் இல்லை. அதற்காக மருத்துவரிடம் போவது ஒரு நாள் தள்ளிப்போகக் கூடாது.

‘மாத்திரை சாப்பிட்டால் கேள்விகள் மழுங்கிவிடும்’ என்பது உங்கள் பயம். இதை அடிக்கடி கேட்கிறேன், குறிப்பாகப் படிக்கிற பழக்கம் உள்ளவர்களிடம். மனச்சோர்வுக்கான மாத்திரை தூக்க மாத்திரை மாதிரிப் பழக்கமாவதில்லை. வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். நலமான பிறகும் சில மாதம் தொடர வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. அது கேள்வியைத் தொடாது. விடிகாலை மூன்று மணிக்கு அந்தக் கேள்வி உங்கள் கழுத்தைப் பிடிப்பதை மட்டும் தளர்த்தும். குணமான பிறகு காலை காபியோடு அதே கேள்வியை ரசித்து யோசிப்பவர்கள் எனக்குத் தெரியும். மில்லுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் கவலைப்பட வேண்டாம். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். அதை மருத்துவமனை உங்கள் முதலாளிக்குத் தர முடியாது.

பதினொன்றையும் பிரித்து எழுதிப் பார்த்தேன்

உங்கள் பட்டியலை ஒரு தாளில் மூன்று பத்தியாகப் பிரித்தேன். கணக்கு எழுதுபவரிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

முதல் பத்தியில், யாராலும் வவுச்சர் காட்ட முடியாதவை. ஏன் பிறந்தோம், செத்தபின் என்ன, உலகத்துக்குத் தொடக்கம் உண்டா, எல்லாம் விதியா. இவற்றுக்குப் பதில்கள் ஏராளம், நிரூபணம்தான் இல்லை. நீங்கள் கேட்கும் சொற்பொழிவாளர்கள் எல்லோரும் உறுதியாகப் பேசுகிறார்கள் அல்லவா? அந்தக் குரலின் உறுதியை நீங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறீர்கள். மூன்று பேர் மூன்று விதமாக அதே உறுதியோடு பேசும்போது திண்டாடுகிறீர்கள். மாலுங்கியபுத்திரர் என்ற பிக்கு இதே மாதிரிக் கேள்விகளோடு புத்தரிடம் போனார். உலகம் என்றும் உள்ளதா, உயிரும் உடலும் ஒன்றா, ஞானம் பெற்றவர் இறந்தபின் இருக்கிறாரா என்று கேட்டு, பதில் சொல்லாவிட்டால் துறவை விட்டே போய்விடுவேன் என்றார். விஷ அம்பு தைத்தவன், எய்தவன் பேர் என்ன, குலம் என்ன, வில் எந்த மரம் என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்கவிடுவேன் என்றால் என்ன ஆகும் என்று புத்தர் திருப்பிக் கேட்டார். கடைசிவரை அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே இல்லை. அந்தப் பிக்கு வேலையை விட்டுப் போவேன் என்று மிரட்டியதுகூட உங்களை ஞாபகப்படுத்தியது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தொழிலில் இதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறீர்கள். டிரையல் பேலன்ஸில் பற்றும் வரவும் ஒட்டவில்லை என்றால் மில்லை இழுத்துப் பூட்டுவதில்லை. வித்தியாசத்தை, விவரம் தெரியும்வரை போட்டுவைக்கும் அனாமத்துக் கணக்கில் வைத்துவிட்டு அன்றைய பற்று வரவை எழுதுகிறீர்கள். அனாமத்தை அப்படியே விட்டுவைக்க ஆடிட்டர் சம்மதிக்கமாட்டாரே என்பீர்கள். சரிதான், உவமை அந்த இடத்தில் நொண்டுகிறது. இந்த அனாமத்து நம் காலத்தில் தீராமலே போகலாம். அவ்வப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம், கோயிலில், நல்ல நண்பரோடு, ஒரு புத்தகத்தோடு. இரவு மூன்று மணிக்கு மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் உடம்பு தரும் பதில் எல்லாமே இருட்டாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பத்தி சிறியது. எப்படி வாழ்வது, எது கடமை, நூல் கணக்கில் என்ன அர்த்தம். இவற்றுக்குப் பதில் தெரிந்துகொண்டு பிறகு வாழத் தொடங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நீங்கள் போடும் சம்பளப் பட்டியலை நம்பி எத்தனை வீட்டில் ஏழாம் தேதி உலை வைக்கிறார்கள்? பிரபஞ்சத்துக்கு அர்த்தம் இருக்கிறதா என்பது தெரியாமலே அந்தத் தாளுக்கு அர்த்தம் இருக்கிறது. இந்தப் பத்தியில் உங்கள் மகளையும் சேர்க்கிறேன். டியூஷன் பணம் கேட்டவளிடம் “படிச்சு என்ன ஆகப்போகுது” என்று சொல்லிவிட்டீர்கள். நீங்கள் அதைத் தத்துவமாகச் சொன்னீர்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது ‘உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்றுதான் கேட்டிருக்கும். “அப்பாவுக்கு உடம்பு சரியில்லம்மா, பெரியப்பா போனதுலேருந்து மனசு சரியில்லை, அன்னிக்குச் சொன்னது தப்பு” என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெரியப்பாவை இழந்தவள் அவளும்தான்.

மூன்றாவது பத்தியைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘நல்லவர்கள் ஏன் முந்திப் போகிறார்கள்?’ ‘சாகப்போவது முன்கூட்டித் தெரியுமா?’ ‘ஒரு நிமிடம் முன்பின் ஆகியிருந்தால் விதி மாறுமா?’ இவை மூன்றும் தத்துவம் போல உடுத்தியிருக்கின்றன. நாலாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், ஒரே ஒரு வரி வருகிறது: முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கு அண்ணன் போன் பண்ணினார், வருடக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் ‘அப்புறம் பேசறேன்’ என்று கட் பண்ணிவிட்டேன். ஆறு பக்கத்தில் அண்ணனைப் பற்றி இருப்பது அவ்வளவுதான். அவருக்கு என்ன பிடிக்கும், உங்களை எப்படிக் கூப்பிடுவார், ஒன்றும் இல்லை. பிரபஞ்சத்தைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவர் அண்ணனை ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

அந்த போனில் பேசியிருந்தால் பிழைத்திருப்பார் என்றோ, பேசியும் பயனில்லை என்றோ நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. மார்ச் 30-ஆம் தேதி கணக்குப் பிரிவில் இருப்பவர் போனைக் கட் பண்ணுவது அன்பில்லாமல் இல்லை என்பது மட்டும் தெரியும். மறுநாள் பேசலாம் என்ற நம்பிக்கையில்தான் ‘அப்புறம்’ என்றீர்கள். அந்த நம்பிக்கை இல்லாமல் யாரும் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது.

வீட்டை எழுதிக்கொடுத்தால் கடமை தீருமா?

தீராது. ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள், ஆனால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் துறவு பூண்டால் திருமணம் தானாக முறியாது. இந்துத் திருமணச் சட்டம் 1955, பிரிவு 13, கணவன் உலகைத் துறந்து துறவற அமைப்பில் சேர்ந்துவிட்டால் மனைவி விவாகரத்துக் கேட்கலாம் என்கிறது. உரிமை அவருக்கு. மனைவிக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் தரும் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. முன்பு 125-ஆம் பிரிவு என்று சொன்னது, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-ஆம் பிரிவு. உடலில் தெம்புள்ள ஆள் ‘வருமானம் இல்லை’ என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது. வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கும்வரை அவர்கள் சம்மதமில்லாமல் பெயர் மாற்றுவதும் நடக்காத காரியம். மாற்றினாலும் கடன் வாங்கிய கையெழுத்து உங்களுடையது.

17 வருடத்துக்குக் கிராஜுவிட்டி என்ன வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வருடத்துக்குப் பதினைந்து நாள் வீதம், கிராஜுவிட்டிக்குக் கணக்கிடும் சம்பளத்தில் ஏறக்குறைய பத்து மாதம். தவணை ஒன்பது வருடம்.

ரமணரும் போனாரே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாவட்டத்துத் திருச்சுழியில் பிறந்தவர், நீங்கள் கேட்பது நியாயம். 1892-இல் அப்பா இறந்தார், 1896-இல் மதுரையில் சித்தப்பா வீட்டில் அந்த மரண பயம், ஆகஸ்ட் கடைசியில் வீட்டை விட்டுக் கிளம்பினார். இதையெல்லாம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விட்டதை நான் சேர்க்கிறேன். அவருக்கு அப்போது வயது 16. அவரை நம்பி மனைவியோ பிள்ளையோ இல்லை. அண்ணனின் காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டார். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று சீட்டில் எழுதி, மீதி இரண்டு ரூபாயைக் கூடவே வைத்துவிட்டுப் போனார். உலகையே விட்டுப் போகிறவர் இரண்டு ரூபாய்க்குக் கணக்கு ஒப்படைத்திருக்கிறார். பின்னாளில், குடும்பத்தை விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டுவந்த எத்தனையோ பேரைத் திருப்பி வீட்டுக்கே அனுப்பினார்.

டால்ஸ்டாயும் கடைசியில் போனார். 1910, 82 வயது. மனைவியிடம் சொல்லாமல் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பி, வழியில் நிமோனியா கண்டு, அஸ்தாபவோ என்ற சிற்றூர் ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரியின் வீட்டில் படுத்துவிட்டார். 48 வருடம் கூட வாழ்ந்த சோபியா வந்து சேர்ந்தபோது உள்ளே விடவில்லை. நினைவு தப்பும் கட்டத்தில்தான் விட்டார்கள். அதுவரை வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் எழுதிய இடங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வந்தது.

அப்படியானால் போகவே கூடாதா?

போங்கள். பத்து நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, மனைவிக்குத் தேதி சொல்லிவிட்டு, திரும்பிவர டிக்கெட்டோடு போங்கள். கார்த்திகைக் கூட்டத்தில் வேண்டாம், இப்போதிருக்கும் உடம்புக்கு அது ஆகாது. மருத்துவரைப் பார்த்து, ஈசிஜி எடுத்து, ஒரு மாதம் தூங்கி எழுந்தபின், தை மாதத்தில் ஒரு சாதாரண நாளில் போய் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டரும் நடந்து வாருங்கள். மனைவியும் வருகிறேன் என்றால் கூட்டிப்போங்கள்.

ராஜினாமா, பெயர் மாற்றம், துறவு, இந்த மூன்றையும் அண்ணனின் முதல் வருஷத் திதி கழியும்வரை தொடக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவு நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை வேண்டாம், பெரிய காரியம் எதுவும் தொடங்க வேண்டாம் என்று நம் ஊரில் வைத்ததை வெறும் தீட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கு வந்தபின் அப்படித் தோன்றுவதில்லை. திதி கழிந்து, தூக்கம் திரும்பி, அப்போதும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்போது மறுபடி எனக்கு எழுதினாலும் சரி.

திருவண்ணாமலைக்கு முன்னால் இன்னொரு பஸ் ஏற வேண்டும். கருமாதிக்குப் பிறகு அண்ணன் வீட்டுப் பக்கமே போகவில்லை, அண்ணி முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒண்ணேகால் மணி நேரப் பயணம். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். வேதாந்தம் எதுவும் பேச வேண்டாம். அந்த போனைக் கட் பண்ணியதைச் சொல்லிவிட்டு, அன்னிக்கு ராத்திரி அண்ணன் எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணி என்று கேளுங்கள். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். எட்டு மாதமாக அவரும் இதே மாதிரி ஏதோ ஒன்றை யாரிடமாவது சொல்லக் காத்துக்கொண்டிருக்கலாம்.